ஊர் விட்டு வந்த தோட்டக்காரர்கள்

பெங்களூரில் லால்பாக் தோட்டத்தை ஒட்டி க்ரும்பீகல் ரோடு என்று ஒரு சாலை உண்டு. நம் கல்லூரியில் படித்து முடித்து, வேலைக்காக அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்த நண்பர்கள் நிறையப் பேர். அவர்களில் பலர் அந்த ரோடில் ஆட்டோவில் போயிருப்பீர்கள். பெயரைச் சரியாக உச்சரித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். கிரும்பிகல், குரும்பிக்கல், கும்பகல் என்று எதைச் சொன்னாலும் ஆட்டோக்காரர் கொண்டுபோய் இறக்கிவிடுவார். "யாருங்க இவரு?" என்று கேட்டால், "யாரோ பிரிட்டிஷ் துரை சார்" என்பதோடு விஷயம் முடிந்துவிடும்.

அவர் பிரிட்டிஷ்காரர் அல்ல. துரையும் அல்ல. ஜெர்மனியில் சாக்சனி பகுதியில், டிரெஸ்டன் நகருக்குப் பக்கத்தில் லோமன் என்ற சிற்றூரில் 1865-ல் பிறந்த தோட்டக்காரர். முழுப் பெயர் குஸ்தாவ் ஹெர்மன் க்ரும்பீகல். 27 வயதில் இந்தியாவுக்கு வேலைக்கு வந்தார். 1956-ல், தம் 90-வது வயதில், பெங்களூரிலேயே காலமானார். இடையில் 63 வருடம். நம்மில் துபாய், சிங்கப்பூர், அமெரிக்கா என்று போனவர்கள் எல்லாரும் "ஒரு அஞ்சு வருஷம் இருந்துட்டு வந்துடறேன்டா" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம். அவரும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் கப்பல் ஏறினாரோ என்னவோ!

சிவில் படித்தவனுக்குத் தோட்டத்தில் என்னப்பா வேலை என்று என் வகுப்புத் தோழர்கள் கேட்கலாம். நான் 2010-ல் இங்கிருந்து வெளியே போனதிலிருந்து சாலை வடிவமைப்பு வேலையில் இருக்கிறேன். சாலை போடுகிறவன் முதலில் மோதுவது மரத்தோடுதான். சர்வே எடுத்துவிட்டு வரும் டிராயிங்கில் ஒவ்வொரு மரமும் ஒரு சின்ன வட்டம். பக்கத்தில் அதன் சுற்றளவு மீட்டரில். வரிசையாகச் சம இடைவெளி விட்டு அந்த வட்டங்கள் வரும்போது, இதை யாரோ ஒருவர் நமக்கு முன்னால் டிசைன் செய்திருக்கிறார் என்று புரியும். அந்த யாரோ ஒருவர் யார் என்று தேடப்போய்ச் சேர்ந்த செய்திகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அவர்களுடைய காலேஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் கியூ தாவரவியல் தோட்டம்தான் அது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே இளம் தோட்டக்காரர்கள் பகலில் மண் வெட்டுவார்கள், கண்ணாடி வீடுகளில் செடிக்குத் தண்ணீர் விடுவார்கள். மாலையில் பாடம் கேட்பார்கள். தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்துக்கொண்டு கட்டுரை வாசிப்பார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். கையில் தொழில் உண்டு, செடியின் பெயர் தெரியும், எங்கே அனுப்பினாலும் போவார்கள். கல்கத்தா, பேராதனை, சிங்கப்பூர், மேற்கிந்தியத் தீவுகள், ஆப்பிரிக்கா என்று பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் தோட்டங்களுக்கெல்லாம் ஆள் சப்ளை கியூவிலிருந்துதான்.

இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி பிடிக்கும் என்று நினைக்கிறேன். 1893-ல் அந்தத் தோட்டக்காரர்கள் தங்களுக்கு ஒரு பழைய மாணவர் சங்கம் ஆரம்பித்தார்கள். கியூ கில்டு என்று பெயர். ஆண்டுதோறும் ஒரு இதழ் போட்டார்கள். அதில் பழைய கியூக்காரர்கள் யார் யார், எந்த ஊரில், என்ன பதவியில் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல். அப்படியே நம் சங்கத்து விலாசப் புத்தகம்! ஒரே வித்தியாசம், வெப்ப நாடுகளுக்குப் போன இளைஞர்கள் காய்ச்சலில் இறந்துபோன செய்தியும் அந்த இதழ்களில் வரும். சங்கம் தொடங்கிய அதே 1893-ல்தான் க்ரும்பீகல் கியூவை விட்டு இந்தியாவுக்குக் கிளம்பினார்.

அவருக்கு 45 வருடம் முன்பே நம்ம பக்கத்துக்கு ஒருவர் வந்துவிட்டார். அவரைச் சொல்லாமல் மேலே போனால் ஊட்டிக்காரர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள்.

ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு நம் காலேஜ் டூரில் போகாத பாட்ச் கிடையாது. எல்லாரும் புல்வெளியில் உருண்டுவிட்டு, இத்தாலியத் தோட்டத்தின் முன் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு, வர்க்கி வாங்கிக்கொண்டு திரும்பியிருப்போம். அந்தச் சரிவை அப்படி ஆக்கியவர் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அவரும் கியூவில் பயிற்சி பெற்றவர். 1848-ல் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது இருபதுகளில்.

அதற்கு முன் அங்கே இருந்தது வெறும் காய்கறித் தோட்டம். ஊட்டியில் குடியிருந்த வெள்ளைக்காரர்கள், காரட்டும் முட்டைக்கோசும் நியாய விலையில் கிடைக்கட்டும் என்று 1845-ல் ஆளுக்கு மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டு ஆரம்பித்தார்கள். நம்ம ஹாஸ்டல் மெஸ் மாதிரி. அது சரியாக ஓடவில்லை. (நம்ம மெஸ் மாதிரியே.) பிறகுதான் அரசாங்கம் ஒரு முறையான தோட்டம் போடத் தீர்மானித்து கியூவிலிருந்து ஆளை வரவழைத்தது.

மெக்ஐவர் கையில் கிடைத்த நிலம் எப்படிப்பட்டது? மேல்பாதி காடும் மேடுமான சரிவு, கீழ்ப்பாதி சதுப்பு. சைட் டெவலப்மென்ட் என்று நாம் சொல்லும் வேலை முழுவதும் அவர் தலையில். சதுப்பை வடிக்க வேண்டும். சரிவைப் படிப்படியாக வெட்டிச் சமன் செய்ய வேண்டும். மழை கொட்டும் மலையில் மண் அரித்துப் போகாமல் பாதைகளை வளைத்து வளைத்து இறக்க வேண்டும். இன்று அந்தப் பாதைகளில் மூச்சு வாங்காமல் மேலே ஏறிவிடுகிறோம் என்றால், கிரேடியன்டைப் பார்த்துப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். தோட்டம் முழு உருவத்துக்கு வர ஏறத்தாழப் பத்து வருடம் ஆயிற்று. ஜேசிபி கிடையாது. மண்வெட்டியும் கூடையும்தான். அந்தக் கூடையைச் சுமந்தவர்களின் பெயரெல்லாம் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஆனால் அழகுக்காக மட்டும் யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் விளையும் சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்துதான் மலேரியாவுக்கான கொய்னா கிடைத்தது. அந்த மரத்தை இந்தியாவில் வளர்த்துவிட வேண்டும் என்று 1860-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் பெரிய முயற்சி நடந்தது. வார்டு பெட்டி என்று ஒன்று உண்டு. கண்ணாடி போட்டு இறுக மூடிய மரப்பெட்டி. உள்ளே செடி விடும் ஈரமே திரும்ப அதற்குத் தண்ணீராகும். மாதக்கணக்கில் கப்பலில் செடி உயிரோடு வந்தது இந்தப் பெட்டியால்தான். அப்படியும் மார்க்கம் அனுப்பிய செடிகள் செங்கடல் வழி வெயிலில் பட்டுப்போயின. பின்னர் வேறு வழியாக வந்த விதைகளும் செடிகளும்தான் நீலகிரியில் பிழைத்தன. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அவற்றை வளர்த்து ஆளாக்கியவர் மெக்ஐவர்.

இதில் ஒரு சாமர்த்தியம் செய்தார். பட்டை வேண்டுமென்றால் மரத்தை வெட்டி உரிப்பதுதான் வழக்கம். இவர் மரத்தை நிறுத்தி வைத்தே பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தை ஈரப் பாசியால் சுற்றிக் கட்டினார். பட்டை மறுபடி வளர்ந்தது. அதில் மருந்துச் சத்து முன்னைவிட அதிகமாகவும் இருந்தது. ஒரு தோட்டக்காரனின் கைப்பழக்கத்தில் பிறக்கக்கூடிய யோசனை இது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நடுவட்டம் தோட்டங்களில் கூலி வேலைக்குச் சிங்கப்பூர், மலாக்காப் பக்கமிருந்து சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்காகக் கட்டிய சிறை நடுவட்டத்தில் உண்டு. மலையும் ஆளில்லாத மலை அல்ல. தோட்டத்தின் மேல் கோடியில் இன்றும் ஒரு தோடர் மந்து இருக்கிறது. தோட்டம் வருவதற்கு முன்பே அது அவர்கள் பூமி. அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் விறகுக்காக நட்ட யூகலிப்டசும் வாட்டிலும் பின்னால் புல்வெளிகளையும் சோலைகளையும் எப்படி விழுங்கின என்பது தனிக் கதை. மெக்ஐவர் 1876-ல் இறந்தார்.

இனி க்ரும்பீகலிடம் திரும்பலாம். ஜெர்மனியில் தொழில் பழகி, 1888 வாக்கில் இங்கிலாந்துக்கு வந்து, லண்டன் ஹைட் பார்க்கில் மலர்ப் பாத்திகள் அமைத்து, கியூவில் வேலைக்குச் சேர்ந்தவர். பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் தம் சமஸ்தானத் தோட்டங்களுக்கு ஆள் தேடியபோது இவருக்கு அழைப்பு வந்தது. பரோடாவில் பதினைந்து வருடம். 1908-ல் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் லால்பாக்குக்கு வந்தார்.

லால்பாக் அவர் உண்டாக்கியது அல்ல. 1760-ல் ஹைதர் அலி ஆரம்பித்தது, திப்பு வளர்த்தது. க்ரும்பீகலுக்கு முன்னால் 1874 முதல் 34 வருடம் அதைக் கவனித்தவர் ஜான் கேமரன், இன்னொரு கியூக்காரர். கண்ணாடி மாளிகைக்கு 1889-ல் அடிக்கல் நாட்டியது கேமரன் காலத்தில்தான். சௌசௌவை நாம் பெங்களூர் கத்திரிக்காய் என்கிறோமே, மெக்சிகோ பக்கத்துக் காயான அதை பெங்களூரில் பரப்பியவரும் கேமரன்தான் என்பார்கள். ஹாஸ்டலில் வாரம் மூன்று நாள் சௌசௌ கூட்டுச் சாப்பிட்டவர்கள் யாரைத் திட்ட வேண்டும் என்று இப்போது தெரிந்துகொள்ளலாம்.

மைசூரில் க்ரும்பீகலின் உத்தியோகம் அரசுத் தோட்டங்களின் சூப்பரின்டென்டென்ட். செய்த வேலை அதற்கு நாலு மடங்கு. வெளிநாட்டுத் தோட்டங்களோடு விதைப் பரிமாற்றம், நாற்றுப் பண்ணை, மலர்க் கண்காட்சி, அரண்மனைத் தோட்டங்கள், பயிர் ஆராய்ச்சி, கட்டட விஷயங்களில் ஆலோசனை, நகர விரிவாக்கம், சாலையோர மரங்கள் என்று போகிறது பட்டியல். அவர் வந்த மறு வருடம், 1909-ல், விசுவேசுவரய்யா மைசூருக்குத் தலைமை இன்ஜினியராக வந்தார். ஒரு பக்கம் அணை, இன்னொரு பக்கம் தோட்டம் என்று அந்தச் சமஸ்தானம் முழு வேகத்தில் இயங்கிய காலம் அது.

இவர் பெயரோடு எப்போதும் சேர்த்துச் சொல்லப்படுவது ஒரு யோசனை. ஆங்கிலத்தில் சீரியல் பிளாசமிங் என்பார்கள். தொடர் பூப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். கேட்க எளிது. ஊரில் எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒரு சாலை பூத்திருக்க வேண்டும். ஒரு சாலைக்கு ஒரு மரம். அது ஓய்ந்தால் அடுத்த சாலை ஆரம்பிக்கும்.

நாம் பிராஜெக்ட் மேனேஜ்மென்ட் பேப்பரில் பார் சார்ட் போட்டோமே, அதேதான். மேலே பன்னிரண்டு மாதம், இடது பக்கம் மரங்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் பூக்கும் காலத்துக்கு ஒரு கோடு. எங்கேயும் வெள்ளை இடைவெளி விழக்கூடாது. மார்ச்சில் ஜகரந்தாவின் ஊதா. ஏப்ரலில் மயில்கொன்றை, அதுதான் குல்மொகர், சிவப்பாகப் பற்றிக்கொள்ளும். கூடவே பெருங்கொன்றையின் மஞ்சள், பூமருதின் இளஊதா. மழைக்காலத்தில் ஆப்பிரிக்கன் டூலிப். அதன் மொட்டைக் கிள்ளினால் தண்ணீர் பீய்ச்சும், சின்ன வயதில் விளையாடியிருப்பீர்கள். அக்டோபர், நவம்பரில் மரமல்லி, ராத்திரியில் வாசனையோடு உதிரும்.

நம் பார் சார்ட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நம்முடையது மாதக் கணக்கு. டெலிவரி தாமதமானால் போன் போட்டுச் சத்தம் போடலாம். மரத்துக்கு யார் போன் போடுவது? நட்ட கன்று நிழல் தரவே பத்துப் பதினைந்து வருடம். தப்பான மரத்தைத் தப்பான சாலையில் வைத்தால் அது தெரிய வரும்போது வைத்தவர் ரிட்டயர் ஆகியிருப்பார். அதனால்தான் இதை நான் டிசைன் என்று ஒத்துக்கொள்கிறேன். வேர் எவ்வளவு பரவும், உச்சி எவ்வளவு விரியும், சாலையின் அகலம் என்ன, எதிர்ச்சாரி மரத்தோடு கிளை எந்த உயரத்தில் கைகோக்கும் என்பதையெல்லாம் கன்று முழங்கால் உயரம் இருக்கும்போதே மனசில் பார்த்தாக வேண்டும்.

நட்டவனுக்கு நிழல் கிடைக்காது என்பது ஊர் வழக்கு. க்ரும்பீகலுக்குக் கிடைத்தது. 42 வயதில் பெங்களூருக்கு வந்தவர், 1932-ல் ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. அதற்கப்புறம் 24 வருடம் அந்த ஊரிலேயே இருந்தார். தாம் வைத்த மரங்கள் வளர்ந்து, பூத்து, உதிர்ந்து, மறுபடி பூப்பதைப் பார்க்கும் அளவுக்கு ஆயுள் அமைந்த தோட்டக்காரர் இவர்.

மைசூரில் பிருந்தாவனம் தோட்டத்தைப் பார்க்காதவர்கள் நம்மில் மிகக் குறைவு. ஸ்கூல் எக்ஸ்கர்ஷன் என்றாலே அதுதான். கிருஷ்ணராஜசாகர் அணை விசுவேசுவரய்யாவின் பெயர் சொல்லும். அதன் காலடியில், காஷ்மீர் ஷாலிமார் தோட்டம் மாதிரி ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டவர் திவான் மிர்சா இஸ்மாயில். 1927-ல் தொடங்கி 1932-ல் முடிந்த அந்தத் தோட்டத்தின் அமைப்பில் க்ரும்பீகலின் கை உண்டு. அணைக்குக் கீழே படிப்படியாக இறங்கும் தளங்கள், நடுவே நேர்க்கோட்டில் ஓடும் வாய்க்கால், இரு பக்கமும் நீரூற்றுகள். முகலாயர் தோட்டத்தின் இலக்கணம், கட்டியது இந்து மன்னரின் அரசு, கேட்டது முஸ்லிம் திவான், போட்டவர் ஜெர்மன்காரர், தண்ணீர் காவேரி. அந்தக் காவேரிக்காக இரண்டு மாநிலங்களும் கோர்ட்டுக்கு நடந்த கதையை இங்கே நான் ஆரம்பிக்கவில்லை. மலர்க் குழுவினர் பக்கம் தர மாட்டார்கள்.

தில்லியில் இதற்கு நேர்மாறான கதை. ராஷ்டிரபதி பவனின் முகலாயத் தோட்டத்தை, 2023 ஜனவரியிலிருந்து அம்ருத் உத்யான் என்று பெயர் மாறிய தோட்டத்தை, வடிவமைத்தவர் யார் என்று கேட்டால் லட்யன்ஸ் என்பார்கள். கோடு போட்டவர் அவர்தான். கோட்டுக்கு உயிர் கொடுத்தவர் வில்லியம் மஸ்டோ, கியூவில் பழகி இந்தியாவுக்கு வந்த தோட்டக்கலை அதிகாரி. எந்தச் செடி அந்த வெயிலைத் தாங்கும், எது கருகும் என்று தெரிந்தவர். புதுதில்லி சாலைகளில் வரிசை வரிசையாக நிற்கும் வேம்பு, நாவல், மருது, புளி எல்லாவற்றிலும் அவர் பங்கு உண்டு. பெங்களூரில் க்ரும்பீகல் வெளிநாட்டுப் பூ மரங்களைத் தேடினார் என்றால், தில்லியில் இவர்கள் பெரும்பாலும் உள்ளூர் மரங்களையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் தில்லிக்கு வெளியே மஸ்டோ என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அபூர்வம். ஆர்க்கிடெக்ட் பெயர் நிற்கும், சைட்டில் நின்றவன் பெயர் நிற்காது. சிவில்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

க்ரும்பீகலுக்கு வேறு ஒரு சங்கடம். 1914-லும் 1939-லும் பிரிட்டன் ஜெர்மனியோடு போருக்குப் போனது. ஐம்பது வருடத்துக்குக் கிட்டத்தட்ட இந்தியாவில் இருந்தவர், ஒரு மகாராஜாவின் நம்பிக்கைக்கு உரியவர், எழுபதைத் தாண்டியவர். இரண்டாம் உலகப் போரில் அவரும் எதிரி நாட்டவர் கணக்கில் வந்தார். அவர் வைத்த மரங்களின் நிழலில் பிரிட்டிஷ் பட்டாளம் மார்ச் போய்க்கொண்டிருந்தது. எந்த நாட்டுக்காரர் நீங்கள் என்று யாராவது கேட்டிருந்தால் அந்தக் கிழவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று நான் யோசித்ததுண்டு.

லால்பாக் அவரோடு நின்றுவிடவில்லை. அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜவராயா காலத்தில், 1935-ல், கண்ணாடி மாளிகை இன்னும் விரிந்தது. பிறகு வந்த மரிகவுடா மாநிலம் முழுக்கத் தோட்டக்கலையைக் கொண்டுபோனார்.

இங்கே ஒரு கணக்கை நேர் செய்ய வேண்டும். பெங்களூரில் இப்போது ஜனவரி, பிப்ரவரி வந்தால் ஊரே இளஞ்சிவப்பாகி, எல்லாரும் போட்டோ எடுத்துப் போடுகிறார்களே, டபெபூயா மரங்கள். அதற்குக் கீழே "தேங்க்யூ க்ரும்பீகல்" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் புகழில் பெரும்பங்கு சேர வேண்டியது எஸ்.ஜி. நெகின்ஹாள் என்ற வனத்துறை அதிகாரிக்கு. 1980-களில், பெங்களூர் வீங்க ஆரம்பித்த சமயத்தில், ஐந்தாறு வருடத்தில் சுமார் 15 லட்சம் மரங்களை நகருக்குள் நட்டவர் அவர். ஆடு மாடு மேயாமல் கூண்டு வைத்து, உயரமான கன்றாகப் பார்த்து நட்டு வளர்த்தார். 2021-ல் காலமானார். அவர் பெயரில் எந்த ஆட்டோக்காரரும் யாரையும் இறக்கிவிடுவதாகத் தெரியவில்லை. பழைய பெயர் பெரிதானால் பின்னால் வந்தவன் வேலையும் அதன் கணக்கில் வரவாகிவிடும். இது க்ரும்பீகலின் குற்றம் அல்ல.

இனி என் தொழில் சமாசாரம். நான் இறுதியாண்டுக்குப் போன 2009-ல், மெட்ரோ ரயிலுக்காக ஜெயநகர் நந்தா ரோடு மரங்களும் லால்பாக்கின் ஒரு ஓரமும் போனபோது பெங்களூரில் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். 2016-ல் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை ஸ்டீல் மேம்பாலம் என்றார்கள்; 812 மரங்கள் போகும் என்று கணக்கு வந்தது. அக்டோபரில் ஆயிரக்கணக்கானோர் கைகோத்து நின்றார்கள். 2017 மார்ச்சில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நான் மெட்ரோவுக்கோ மேம்பாலத்துக்கோ விரோதி அல்ல. அந்த டிராஃபிக்கில் தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவனுக்கு அந்த உரிமை இல்லை.

ஆனால் ஒரு வாதம் அடிக்கடி காதில் விழும். ஒரு மீட்டிங்கில் என்னைவிட இருபது வயது மூத்த ஒரு இன்ஜினியர், நம்ம தமிழ்க்காரர்தான், டிராயிங்கில் வட்டங்களை எண்ணிக்கொண்டே சொன்னார்: "இதெல்லாம் ஃபாரின் மரம்ப்பா. நம்ம மரமா இருந்தா பரவால்ல, வருத்தப்படலாம்."

"சார், நாம ரெண்டு பேரும்கூட இந்த ஊர்க்காரங்க இல்லையே" என்றேன்.

சிரித்தார். பிறகு டீ வந்தது.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. மயில்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது. ஜகரந்தாவும் டபெபூயாவும் அமெரிக்கக் கண்டத்து மரங்கள். நம் கல்லூரி கேன்டீன் எதிரே, எத்தனையோ அரியர்ஸ் கவலைகளுக்கும் காதல் கவலைகளுக்கும் இடம் கொடுத்த தூங்குமூஞ்சி மரம் இருக்கிறதே, அதுவும் மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். மயில்கொன்றையும் ஆப்பிரிக்கன் டூலிப்பும் கட்டை உறுதியில்லாதவை, காற்றுக்கு முறியும் என்பதும் சரி. இன்று புதிதாக ஒரு சாலைக்கு மரம் வைக்கச் சொன்னால் நான் புங்கம், மருது, சரக்கொன்றை என்றுதான் எழுதுவேன். பறவைக்கும் பூச்சிக்கும் அவைதான் உறவு.

ஆனால் பெங்களூரில் மழைக்கு விழுகிற மரங்களை அருகில் போய்ப் பாருங்கள். வெளிநாட்டு மரம் என்பதனால் மட்டும் விழவில்லை. ஒரு பக்கம் வடிகாலுக்காக வேரை அறுத்திருப்பார்கள். இன்னொரு பக்கம் கேபிள் பதிக்கப் பள்ளம் எடுத்திருப்பார்கள். மிச்சமிருக்கும் அடிமரத்தைச் சுற்றிக் கழுத்து வரை கான்கிரீட். மேலே மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று ஒரு பக்கத்துக் கிளையை மட்டும் கழித்து, பாரத்தை மறுபக்கம் சாய்த்திருப்பார்கள். ஒரு தூணின் அஸ்திவாரத்தை இரண்டு பக்கம் வெட்டிவிட்டு, தலையில் ஒரு பக்கமாகச் சுமை ஏற்றி, மழையில் மண்ணையும் நனைத்தால் என்ன ஆகும் என்று இரண்டாம் வருட மாணவனே சொல்வான். மரம் என்றால் மட்டும் அந்தக் கணக்கு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் சர்வே வேலைக்குப் போனால் சுற்றளவோடு நிறுத்தாமல், மரத்தின் பெயரையும் எழுதி வாங்குங்கள். எல்லா மரமும் ஒரே வட்டம் அல்ல என்று டிராயிங்கைப் பார்க்கிறவருக்குத் தெரியும். நான் வேலை பார்க்கும் பிராஜெக்டுகளில் அதை ஒரு கட்டாயக் காலமாக வைத்திருக்கிறேன். இரண்டு இடங்களில் நடைபாதையை மரத்தைச் சுற்றி வளைக்க அந்தக் காலம் உதவியிருக்கிறது. மூன்றாவது இடத்தில் உதவவில்லை.

லால்பாக்கில் க்ரும்பீகல் ஹால் என்று ஒரு பழைய கட்டடம் இருந்தது. வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்து, ஓடு சரிந்து, செடி முளைத்து, 2017-ல் மழையில் இடிந்து விழுந்தது. அவர் வைத்ததாகச் சொல்லப்படும் மரங்கள் பல அதற்குப் பக்கத்திலேயே நன்றாக நிற்கின்றன.

அவர் கல்லறை ஓசூர் ரோடில், மெதடிஸ்ட் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி வழியாக பஸ்ஸில் பெங்களூருக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் அதுதான் பாதை. ஆடுகோடியைத் தாண்டி சாந்திநகர் பக்கம் வரும்போது சுவருக்கு அந்தப் பக்கம் சிலுவைகள் தெரியும். வாட்ச்மேனிடம் ஜெர்மன்காரர் கல்லறை என்று கேட்டுப் பாருங்கள். பெயரைச் சரியாக உச்சரிக்க வேண்டும் என்ற அவசியமில்லை.